மரியாதை கெட்டவர்கள்

கதை எழுதுகிறவனுக்குப் பெரிய சொற்களால் வரும் தொல்லை குறைவு. சின்னச் சொற்கள்தான் அவனைப் படுத்திவைக்கும். தமிழில் எழுதுகிறவனுக்கு அந்தச் சின்னச் சொற்களில் முதலாவது 'நீ'. யார் யாரை 'நீ' என்பது, யார் யாரை 'நீங்கள்' என்பது என்று தீர்மானிக்காமல் இரண்டு பாத்திரங்களை ஒரு திண்ணையில் உட்கார வைக்கவும் முடியாது. இருவரும் ஒரே திண்ணையில் உட்காரலாமா என்பதே அந்தச் சொல்லைப் பொறுத்த விஷயம்.

ஒரு பத்திரிகையில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தபோது அச்சுக்குப் போகும் முன் புரூப் வந்தது. அந்த வாரத்து அத்தியாயத்தில் அறுபது வயது வண்டிக்காரர் ஒருவர், இருபத்தைந்து வயதுப் பண்ணையாரைப் பார்த்து, "நீ செய்தது நியாயமா?" என்று கேட்கிறார். அவருடைய மாடு செத்துப்போயிருக்கிறது. சாகக் காரணம் பண்ணையாரின் பிடிவாதம். ஆத்திரத்தில் ஒரு தடவை, வாழ்நாளில் ஒரே தடவை, கிழவர் வாயில் 'நீ' வந்துவிடுகிறது. துணையாசிரியர் அந்த 'நீ'யைச் சிவப்புப் பென்சிலால் அடித்து 'நீங்கள்' ஆக்கியிருந்தார். ஓரத்தில், "மரியாதைக் குறைவாகத் தொனிக்கிறது" என்று ஒரு குறிப்பும் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதற்கு முந்தைய பக்கத்தில் அந்த இளைஞன் அந்தக் கிழவரை 'நீ', 'வாடா', 'போடா' என்று பதினொரு இடத்தில் அழைத்திருந்தான். அங்கெல்லாம் பென்சில் படவே இல்லை. துணையாசிரியரைக் குற்றம் சொல்ல வாயெடுத்தவன் வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால், எழுதும்போது எனக்கும் அந்தப் பதினொன்றும் உறுத்தவில்லை. கிழவரின் ஒரு 'நீ'க்காகத்தான் நான் அரை மணி நேரம் யோசித்திருந்தேன்.

மரியாதைக் குறைவு என்று நாம் எதைச் சொல்கிறோம்? பழைய நூற்றாண்டுகளில் எதைச் சொன்னார்கள்? அன்றிரவு இந்தக் கேள்வியோடு சில பழைய புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

ஐரோப்பாவில் நாகரிகத்தைப் போதிக்க எழுந்த நூல்களில் மிகப் புகழ்பெற்றது இராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் லத்தீனில் எழுதிய சிறு புத்தகம். 1530-ம் ஆண்டு வெளிவந்தது. பிள்ளைகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள். மூக்கைச் சட்டையில் துடைப்பது பட்டிக்காட்டான் வழக்கம், முழங்கையில் துடைப்பது உப்புமீன் விற்பவன் வழக்கம், கைக்குட்டையில் துடைப்பதே அழகு என்கிறார். துப்ப வேண்டுமானால் முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்ப வேண்டும், தரையில் விழுந்ததைக் காலால் தேய்த்துவிட வேண்டும். ஒருவன் சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது அவனுக்கு வணக்கம் சொல்லக்கூடாது. இப்படியெல்லாம் எழுதிவைத்தார் என்றால், இவற்றையெல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகள் தாராளமாகச் செய்துகொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். புத்தகத்தை அவர் சமர்ப்பித்திருந்ததே ஒரு பிரபு வீட்டுப் பிள்ளைக்குத்தான்!

இத்தாலியில் 1558-ல் வெளிவந்தது ஜியோவான்னி தெல்லா காசா என்பவர் எழுதிய 'கலத்தேயோ'. மூக்கைச் சிந்தியபிறகு கைக்குட்டையை விரித்து, மூளையிலிருந்து முத்தும் மாணிக்கமும் உதிர்ந்துவிட்டதுபோல் உற்றுப் பார்க்காதே என்று அதில் ஒரு புத்திமதி இருக்கிறது. எழுதியவர் ஒரு பேராயர் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் இன்னும் சுவையாக இருக்கும்.

சாப்பாட்டு மேஜையின் கதையும் இப்படித்தான். தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயர் கால்நடையாகவே ஊர் சுற்றியவர். இத்தாலியர்கள் இறைச்சியைக் கையால் தொடாமல் முள்கரண்டியால் பிடித்து வெட்டுவதைப் பார்த்துவிட்டு, தாமும் அப்படியே சாப்பிடத் தொடங்கினார். 1611-ல் வெளியிட்ட பயணநூலில் அதைப் பெருமையாக எழுதினார். நண்பர்களோ அவருக்கு லத்தீனில் 'முள்கரண்டி தூக்கி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு லத்தீனில் 'போக்கிரி' என்றும் பொருள் உண்டு. கையால் சாப்பிடுவது கண்ணியமாகவும், கரண்டியால் சாப்பிடுவது கேலிக்குரியதாகவும் இருந்த காலம் அது. அதே கோரியட் பிறகு நடந்தே இந்தியாவுக்கு வந்து, ஆஜ்மீரில் ஜஹாங்கீர் பாதுஷாவின் முன்னிலையில் பாரசீக மொழியில் பேசி, 1617-ல் சூரத்தில் இறந்துபோனார். கையால் சாப்பிடும் நாட்டில் அவருடைய முள்கரண்டி என்ன ஆயிற்றோ!

இதையெல்லாம் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்தபிறகு ஒன்று தோன்றுகிறது. எச்சில், மூக்கு, விரல் ஆகியவற்றைப் பற்றிய மரியாதைகள் பெரிய சண்டையில்லாமல் மாறிவிட்டன. கைக்குட்டை வந்தது, முள்கரண்டி வந்தது, சிரித்தவர்களின் பேரன்மார்கள் அவற்றை உபயோகித்தார்கள். மூக்கைத் துடைத்த விதத்துக்காக எவனும் சிறைக்குப் போனதாக நான் படிக்கவில்லை. ஆனால் தலையில் தொப்பியை வைத்திருந்ததற்காக நூற்றுக்கணக்கான பேர் சிறைக்குப் போயிருக்கிறார்கள்.

17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்கள் வீட்டுக்குள்ளேயும் தொப்பி அணிந்திருந்தார்கள், சாப்பிடும்போதும் அணிந்திருந்தார்கள். சாமுவேல் பீப்ஸ் என்ற அரசாங்க அதிகாரி, சாப்பாட்டின்போது தொப்பியைக் கழற்றி வைத்ததால் ஜலதோஷம் பிடித்துவிட்டது என்று 1664-ம் வருஷத்து நாட்குறிப்பில் அலுத்துக்கொள்கிறார். எப்பொழுதும் தலையில் இருக்கும் பொருள் என்பதனால்தான் அதை எடுப்பதற்கு அவ்வளவு மதிப்பு. மகன் தகப்பன் முன்னால் எடுக்க வேண்டும், வேலைக்காரன் எஜமானன் முன்னால், குடியானவன் பிரபுவின் முன்னால், பிரபு ராஜாவின் முன்னால். ராஜா மட்டும் யார் முன்னாலும் எடுக்க வேண்டியதில்லை.

1649-ம் வருஷம் ஜனவரியில் முதலாம் சார்லஸ் மன்னனை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் குற்றவாளியாக நிறுத்தினார்கள். மன்னன் தொப்பியை எடுக்கவில்லை. இந்த நீதிமன்றத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை என்பதை அந்தத் தொப்பியே சொல்லிவிட்டது. எதிரே தலைமை நீதிபதியாக உட்கார்ந்திருந்த பிராட்ஷாவின் தலையிலும் ஒரு தொப்பி இருந்தது. உயிருக்குப் பயந்து உள்ளே இரும்புத் தகடு வைத்துச் செய்த தொப்பி அது. இன்றும் ஆக்ஸ்போர்டு பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. மன்னனின் தலை போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் மாதத்தில் வின்ஸ்டன்லி, எவரார்டு என்று இரண்டு ஏழைகள் சேனாதிபதி ஃபேர்ஃபாக்ஸ் முன்னால் வந்து நின்றார்கள். தரிசு நிலத்தைத் தோண்டிப் பயிரிட்டார்கள் என்பது அவர்கள்மேல் புகார். அவர்களும் தொப்பியை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, சேனாதிபதியும் எங்களைப்போல் ஒரு மனிதப்பிறவிதானே என்றார்கள். மன்னனும் ஏழையும் செய்தது ஒரே காரியம். மன்னன் செய்தபோது அது கம்பீரம், ஏழை செய்தபோது அது திமிர்.

தொப்பிக்கு அடுத்தது சொல். இன்றைய ஆங்கிலத்தில் 'யூ' என்று ஒரே சொல்தான். அன்றைய ஆங்கிலத்தில் நம்மைப்போலவே இரண்டு இருந்தன. ஒருமைக்குத் 'தௌ', பன்மைக்கு 'யூ'. பெரியவர்களிடம் பேசும்போது ஒருவராக இருந்தாலும் பன்மையில் 'யூ' என்பது மரியாதை. கீழே இருப்பவர்களையும் குழந்தைகளையும் கடவுளையும் 'தௌ' என்பார்கள். நம்முடைய 'நீ'யும் 'நீங்களும்' அச்சாக இதேதான். 1603-ல் சர் வால்டர் ராலே மேல் ராஜத்துரோக வழக்கு நடந்தபோது, அரசாங்க வக்கீல் எட்வர்டு கோக் அந்தப் பெரிய மனிதரைச் சபையறிய 'தௌ' என்று அழைத்தார். அதோடு நில்லாமல், வேண்டுமென்றேதான் அப்படி அழைக்கிறேன் என்றும் சொல்லிக் காட்டினார். முதல் நாள்வரை 'நீங்கள்' ஆக இருந்தவர் கூண்டில் ஏறியதும் 'நீ' ஆனார். நம் ஊர்க் கச்சேரிகளிலும் போலீஸ் ஸ்டேஷன்களிலும் இந்த மாற்றம் எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம்.

இந்த இரண்டு மரியாதைகளையும் ஒரே சமயத்தில் மறுத்த ஒரு கூட்டம் 1650-ஐ ஒட்டி இங்கிலாந்தில் கிளம்பியது. தங்களை 'நண்பர்கள்' என்று சொல்லிக்கொண்டார்கள். ஊரார் கேலியாக வைத்த 'குவேக்கர்' என்ற பெயர்தான் நிலைத்தது. அவர்களுடைய தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் ஒரு நெசவாளியின் மகன், செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரிடம் வேலை பார்த்தவர். எந்த மனிதனுக்கும் தொப்பியை எடுக்கக்கூடாது, ஏழை பணக்காரன் என்று பாராமல் எல்லோரையும் 'தௌ' என்றே அழைக்க வேண்டும் என்பது கடவுள் தமக்கு இட்ட கட்டளை என்றார். ஒருவனைப் பலராகப் பாவித்துப் பேசுவது பொய் என்பது அவர் கட்சி. இதை நிரூபிக்க 1660-ல் இரண்டு பேரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, பல மொழிகளின் ஒருமை பன்மை இலக்கணங்களைத் திரட்டி ஒரு பெரிய புத்தகமே போட்டுவிட்டார். ஒரு சொல்லுக்காக இவ்வளவு பாடுபட்டவர்கள் உலகத்தில் குறைவு.

1656-ல் ஃபாக்ஸைக் கார்ன்வால் பக்கத்தில் பிடித்து லான்ஸ்டன் ஊர் நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தலைமை நீதிபதி கிளின், தொப்பியை எடு என்றார். மோசே காலம் முதல் தானியேல் காலம்வரை எந்த அரசனாவது நீதிபதியாவது தொப்பியை எடுக்கச் சொன்னதாக வேதத்தில் இருந்தால் காட்டுங்கள் என்றார் ஃபாக்ஸ். நீதிபதிக்குக் கோபம் வந்து அவரை வெளியே அனுப்பிவிட்டார். ஆனால் மனசு ஆறவில்லை. திரும்பவும் கூப்பிட்டு, அந்தக் காலத்தில் தொப்பி ஏது, அதைச் சொல் பார்க்கலாம் என்று மடக்கினார். தானியேல் புத்தகம் மூன்றாம் அதிகாரத்தில் அக்கினிச் சூளையில் எறியப்பட்ட மூன்று பேரும் தொப்பியோடுதான் எறியப்பட்டார்கள் என்று ஃபாக்ஸ் சட்டென்று சொன்னார். இது ஃபாக்ஸே எழுதிவைத்த வரலாறு. ஆகையால் வாதத்தில் அவர் ஜெயிப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் வழக்கில் அவர் ஜெயிக்கவில்லை. தொப்பியை எடுக்காததற்காக அவருக்கும் கூட இருந்த இரண்டு பேருக்கும் தலைக்கு 20 மார்க் அபராதம், கட்டும்வரை சிறை. ஒரு மார்க் என்பது பவுனில் மூன்றில் இரண்டு பங்கு. கட்ட மறுத்துவிட்டார்கள். மலமும் சேறும் கணுக்கால்வரை தேங்கிக் கிடந்த ஓர் இருட்டறையில் அவர்களைப் போட்டார்கள். சிறுநீர் கழிப்பவனுக்கு வணக்கம் சொல்லாதே என்று கற்றுக்கொடுத்த நாகரிகம், தொப்பியை எடுக்காதவனை மலத்தில் நிற்கவைப்பதில் அநாகரிகம் எதையும் காணவில்லை.

நீதிபதிகளின் கோபத்தைப் புரிந்துகொள்வது சுலபம். என்னை உலுக்கியது ஒரு வீட்டுக்குள் நடந்த கதை. தாமஸ் எல்வுட் என்ற இளைஞன் ஆக்ஸ்போர்டுஷயரில் குரோவெல் என்ற ஊர்க்காரன். தகப்பனார் உள்ளூர் மாஜிஸ்திரேட்டு. 1659-ல் இருபது வயதுப் பையனுக்குக் குவேக்கர் சகவாசம் ஏற்பட்டது. ஒருநாள் தகப்பனார் முன்னால் தொப்பியோடு வந்து நின்று, அவரைத் 'தௌ' என்றும் அழைத்துவிட்டான். தகப்பனார் கை ஓங்கினார். தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கி எறிந்தார். மகன் வேறொரு தொப்பியைப் போட்டுக்கொண்டான், அதுவும் போயிற்று. கடைசியில் வீட்டிலிருந்த தொப்பி எல்லாம் தகப்பனார் வசம் போய்ச் சேர்ந்தன. இன்னொரு தடவை 'தௌ' என்றால் பல்லை உடைத்துவிடுவேன் என்றார். அந்தக் காலத்தில் தொப்பியில்லாமல் தெருவில் நடப்பவனைப் பைத்தியம் என்று நினைப்பார்கள். ஆகவே பையன் அந்தக் குளிர்காலம் முழுவதும் சொந்த வீட்டிலேயே சிறை இருந்தான்.

வேடிக்கையைப் பாருங்கள். எந்தத் தொப்பியை எடுக்கமாட்டேன் என்றானோ, அந்தத் தொப்பி இல்லாமல் வெளியே போகமுடியவில்லை. தகப்பனார் எந்தத் தலையை வெறுமையாகப் பார்க்க விரும்பினாரோ, அந்தத் தலை வெறுமையாக வீட்டில் உலவியபோது அவருக்கு அது சந்தோஷம் தரவில்லை. கடவுளிடம் பேசும்போது அவர் சொன்னதும் 'தௌ'தான். கடவுளுக்குப் போதுமான சொல் தகப்பனுக்குப் போதவில்லையா என்று மகன் கேட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தகப்பனாரை நான் அரக்கனாக நினைக்கவில்லை. தாம் தம் தகப்பனுக்குச் செய்ததை மகனிடம் எதிர்பார்த்தார். ஊர் சிரிக்குமே என்று பயந்தார். மகனுக்கும் தாய் தந்தையரைக் கனம்பண்ணு என்ற வேதவாக்கியம் நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. இருவரும் அன்பில்லாதவர்கள் அல்லர். ஒரு சொல்லும் ஒரு தொப்பியும் குறுக்கே நின்றன. குவேக்கர் குடும்பம் ஒன்று வந்து பையனைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப்போன பிறகுதான் அந்த வீட்டில் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. பிற்காலத்தில் எல்வுட், கண்ணிழந்த மகாகவி மில்டனுக்குப் புத்தகம் படித்துக்காட்டும் பையனானார். ஃபாக்ஸின் நாட்குறிப்பு 1694-ல் அச்சானபோது அதைத் திருத்திப் பதிப்பித்தவரும் அவர்தான்.

தொப்பி வழக்குகளில் மிகப் பெரியது 1670-ல் லண்டனில் நடந்தது. வில்லியம் பென் ஒரு கடற்படைத் தளபதியின் மகன். தெருவில் நின்று பிரசங்கம் செய்தார் என்று அவரையும் வில்லியம் மீட் என்பவரையும் கைது செய்தார்கள். நீதிமன்றத்துக்குள் நுழையும்போது ஒரு சேவகன் அவர்கள் தொப்பிகளை எடுத்துவிட்டான். நீதிபதிகள் அவற்றைத் திரும்ப அவர்கள் தலையில் வைக்கச் சொன்னார்கள். வைத்தபிறகு, ஏன் எடுக்கவில்லை என்று கேட்டுத் தலைக்கு 40 மார்க் அபராதம் விதித்தார்கள்! தொப்பியை நீங்களே வைத்தீர்கள், அபராதத்தையும் நீங்களே கட்டவேண்டியதுதான் என்ற கருத்தில் பென் பதில் சொன்னார்.

ஜூரிகள் பன்னிரண்டு பேரும் பென்னைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்தார்கள். சோறு, தண்ணீர், நெருப்பு, ஒரு சட்டிகூட இல்லாமல் இரண்டு இரவு அடைத்துவைத்தும் சொல்லவில்லை. அவர்களுக்கும் தலைக்கு 40 மார்க் அபராதம். எட்வர்டு புஷல் என்ற ஜூரியும் இன்னும் சிலரும் அபராதத்தைக் கட்டாமல் சிறையிலிருந்தே வழக்காடினார்கள். தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக்கூடாது என்று அவ்வருஷமே தலைமை நீதிபதி வாகன் தீர்ப்பளித்தார். ஜூரியின் சுதந்திரத்துக்கு இன்றும் ஆதாரமாகச் சொல்லப்படும் தீர்ப்பு அது. பென் மட்டும் தொப்பி அபராதத்தைக் கட்டாமல் நியூகேட் சிறையிலேயே இருந்தார். அப்பொழுது தகப்பனார் மரணப்படுக்கையில் கிடந்தார். எனக்காக அபராதம் கட்டாதீர்கள் என்று மகன் கடிதம் எழுதினார். யாரோ பெயர் சொல்லாமல் பணத்தைக் கட்டிவிட்டார்கள். கட்டியது தகப்பனாராகவே இருக்கும் என்பது பலருடைய எண்ணம். செப்டம்பர் 16-ம் தேதி தகப்பனார் இறந்தார். முன்னொரு காலத்தில் தம் முன்னால் தொப்பியை எடுக்கவில்லை என்று மகனை வீட்டைவிட்டு வெளியேற்றியவர், கடைசியில் அந்தத் தொப்பிக்கு விலை கொடுத்து மகனை அழைத்துக்கொண்டார் என்று நினைக்கும்போது கதை எழுதுகிறவன் மனம் சும்மா இருக்கவில்லை.

இவர்களை மகான்கள் என்று ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் எனக்கு மனமில்லை. ஆரம்பகாலத்துக் குவேக்கர்கள் மாதா கோவிலில் பாதிரியார் பிரசங்கம் செய்யும்போது எழுந்து குறுக்கே பேசுவார்கள், கூலிக்கு மாரடிப்பவன் என்று முகத்துக்கு நேரே ஏசுவார்கள். அது நிஜமாகவே மரியாதைக் குறைவுதான். அப்படியானால் எது குறைவு, எது நியாயம் என்று பிரிப்பதற்கு அளவுகோல் என்ன? எனக்குத் தோன்றிய அளவுகோல் ஒன்று உண்டு. கோக் வக்கீலும் 'தௌ' என்றார், ஃபாக்ஸும் 'தௌ' என்றார். கோக் கூண்டில் நின்றவனை மட்டும் அப்படி அழைத்தார், நீதிபதியை அழைக்கவில்லை. ஃபாக்ஸ் பிச்சைக்காரனையும் நீதிபதியையும் ஒன்றுபோல் அழைத்தார். ஒரு சொல் மேலும் கீழும் ஒரே எடையோடு விழுமானால் அதில் அவமதிப்பு இல்லை. கீழ்நோக்கி மட்டுமே விழுமானால், அதை எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் அது அவமதிப்புதான்.

குவேக்கர்கள் கேட்டது வேறு, சரித்திரம் கொடுத்தது வேறு. எல்லோரையும் 'நீ' ஆக்க வேண்டும் என்றார்கள் அவர்கள். 17-ம் நூற்றாண்டு முடிவதற்குள் நாகரிகமான ஆங்கிலப் பேச்சில் 'தௌ'வே தேய்ந்துவிட்டது. எல்லோரும் 'நீங்கள்' ஆனார்கள். வண்டிக்காரனும் 'யூ', மகாராணியும் 'யூ'. பிரான்சில் புரட்சிக்காரர்கள் 1793-ல் வேறு வழியில் போனார்கள். குடிமக்கள் அனைவரும் ஒருவரையொருவர் 'நீ' என்றே அழைக்க வேண்டும் என்று கிளர்ச்சி செய்து, சர்க்கார் கடிதங்களிலும் அதைப் புகுத்தினார்கள். சில வருஷங்களில் பழையபடி 'நீங்கள்' திரும்பிவந்துவிட்டது. சுவீடனில் 1967-ல் மருத்துவத்துறைத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செட் என்பவர், என் கீழ் வேலைசெய்யும் எல்லோரையும் 'நீ' என்பேன், அவர்களும் என்னை 'நீ' எனலாம் என்று அறிவித்தார். அங்கே அது நிலைத்தது. வண்டிக்காரரிடமிருந்து ஆரம்பிக்காமல் பண்ணையாரிடமிருந்து ஆரம்பித்ததனால் நிலைத்ததோ என்னவோ!

நம் பக்கம் வருவோம். சங்கப் புலவர்கள் சேர சோழ பாண்டியர்களை நேருக்கு நேர் 'நீ' என்றுதான் பாடினார்கள். நாயன்மார்களும் ஆழ்வார்களும் கடவுளை 'நீ' என்றார்கள். இன்றும் பல வீடுகளில் அம்மா 'நீ', அப்பா 'நீங்கள்'. சொல்லில் விஷமில்லை. அது போகும் திசையில் இருக்கிறது விஷம். தொப்பியின் இடத்தில் நமக்குத் துண்டு இருந்தது. தோளில் கிடந்தால் திமிர், இடுப்பில் கட்டினால் பணிவு. காலிலிருக்கும் செருப்பு கைக்கு வந்தால் பணிவு. தெற்கே திருவிதாங்கூரில் இதைவிடக் கொடுமை. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் தமிழ்ப் பகுதியில், நாடார் பெண்கள் மார்பை மூடாமலிருப்பதே மேல்சாதியாருக்கு மரியாதை என்று விதி இருந்தது. மூடிய பெண் மரியாதை கெட்டவள். பல வருஷக் கலவரத்துக்குப் பிறகு 1859-ல் மகாராஜாவின் அறிவிப்பு மேலாடைக்கு அனுமதி கொடுத்தது. அப்போதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் பாணியில் உடுத்தக்கூடாது என்று ஒரு வாசகத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆடையைக் கொடுத்தாலும் வித்தியாசத்தை விட மனம் வரவில்லை.

அந்தப் பையன்களுக்காகப் புத்தகம் எழுதிய இராஸ்மஸ், மூக்கையும் எச்சிலையும் பற்றிச் சொல்லி முடித்தபிறகு கடைசியில் ஒரு விஷயம் சொல்கிறார். நாகரிகத்தின் பெரும்பகுதி, தன்னிடம் குற்றமில்லாமல் பார்த்துக்கொள்வதும் பிறர் குற்றத்தைப் பெரிதுபடுத்தாமல் விடுவதுமே என்கிறார். மேலும், தாய் தந்தையையும் பிறந்த நாட்டையும் யாரும் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியாது, குணத்தையும் நடத்தையையும் எவனும் தனக்குத்தானே உண்டாக்கிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். கைக்குட்டையைவிட இது கஷ்டமான பாடம்.

புரூப்பைத் திருப்பி அனுப்பும்போது துணையாசிரியருக்கு ஒரு சீட்டு எழுதினேன்: "கிழவரின் 'நீ'யைத் திருத்துவதானால் முந்தைய பக்கத்திலிருக்கும் பதினொன்றையும் திருத்துங்கள். இல்லையென்றால் பன்னிரண்டும் இருக்கட்டும்." பன்னிரண்டும் அப்படியே அச்சாயின. அவர் நல்ல மனிதர். பிறகு சந்தித்தபோது, "அந்தப் பதினொன்று எனக்குக் கண்ணிலேயே படவில்லை சார்" என்று வருத்தப்பட்டார். எனக்கும் படவில்லை என்பதை அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் துணிகளுக்கு இஸ்திரி போடும் பெரியவர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பல வருஷமாக அவரை நான் 'என்னப்பா, வா' என்றுதான் அழைத்துவந்தேன். புரூப் போன மறுநாள் காலை அவர் துணிமூட்டையோடு வாசலில் வந்து நின்றார். "வாங்க, உட்காருங்க" என்றேன். அவர் சட்டென்று ஒதுங்கி நின்று, தமக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.